தடைக்கம்பியைக் கழற்றச் சொன்ன துண்டு

13.8.63 செவ்வாய்
காலையிலேயே கச்சான் காற்று. வாய் முழுக்க மண். வாங்க: தேயிலை அரை இறாத்தல், சவர்க்காரம்.

துறைமுகத்துக்குப் புது மேற்பார்வையாளர். கொழும்பு டிப்ளோமா, மடிப்புக் கலையாத காற்சட்டை. இனி மே.பா.; அவருக்கு அது போதும். பழைய இரும்பு தூக்கும் கிரேன் காந்தத்தைப் பார்வையிட்டார். அதன் தடைக்கம்பிப் பெட்டியைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டார்.

"ஐசே, இதென்ன அடுப்போ? கரண்டெல்லாம் சூடாய்ப் போகுது. கழற்றும்."

கிரேன் மின்வேலை பார்ப்பவன் நான். ஒரே ஒரு தரம் சொன்னேன். காந்தத்தின் கம்பிச்சுருளில் ஓடும் கரண்ட் சட்டென்று நிற்காது. சுவிட்சைத் திறந்தாலும் காந்தத்தில் சேர்ந்திருக்கும் சக்தி அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அது ஓடித் தணிய வழி இந்தத் தடைக்கம்பி. வழி இல்லாவிட்டால் சுவிட்ச் வாயிலேயே நெருப்பாய்ப் பாயும்.

சிரித்தார். "சுவிட்சைத் திறந்தால் கரண்ட் இல்லை. சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."

சின்னப்பிள்ளை படிப்போடு நின்றுவிட்டார் போல.

"எழுதித் தாங்கோ" என்றேன். கழற்றச் சொல்லித் துண்டுக் கடிதம் தந்தார். கையொப்பம் மட்டும் அரைப் பக்கம்.

14 புதன்
கழற்றினேன். துண்டு சட்டைப்பையில். கிரேன் ஓட்டும் நசீர் இன்று லீவு, கிண்ணியாவில் மச்சானுக்குக் கலியாணம். நாளை மே.பா. முன்னிலையில் சோதனை ஓட்டமாம். பொறி பறக்கும், மனுசன் வெருண்டு ஓடுவார். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். மத்தியானம் சூடை மீன் பொரியல். உப்புக் கூடிப்போச்சு.

15 வியாழன்
நசீர் நேரத்தோடு வந்து கிரேனில் ஏறிவிட்டான். கூப்பிட்டுச் சொல்ல நேரம் இருந்தது. மே.பா.வின் கார் வாசலில் திரும்பியது, பேசாமல் நின்றேன். இரும்பைத் தூக்கினான். அதைக் கீழே விடச் சுவிட்சை இழுத்துத் திறந்தான். முழ நீளத்துக்கு நீல நெருப்பு. வலது கை.

பொறி என்று கணக்குப் போட்டவன் நான். பெரிய கெட்டிக்காரன்.

17 சனி
விசாரணை. மே.பா. என் தலையில் கட்டப் பார்த்தார். துண்டை நீட்டினேன். முகம் நான் ஆசைப்பட்டபடியே போனது. பார்க்கச் சந்தோசம் இல்லை.

பின்னேரம் ஆஸ்பத்திரி. நசீருக்கு முழங்கை வரை கட்டு. இரண்டு விரல் இனி மடியாதாம். பிழை என்னுடையதில்லை என்று காட்ட அவனிடமும் துண்டைக் கொடுத்தேன். இடது கையால் பிடித்து வாசித்தான்.

"செவ்வாய்க்கிழமைத் திகதி போட்டிருக்கு. அப்ப உங்களுக்கு முன்னமே தெரியும்தானே, அண்ணன்?"

"ஓம்."

துண்டை அவனே என் சட்டைப்பையில் திருப்பி வைத்தான்.