ஏழாவது துண்டு

குட்டநாடு,
பெரிய சனிக்கிழமை, 1994.

கர்த்தர் ஈசோவுக்குத் துதி உண்டாகட்டும்.

அன்பு மகள் சிசிலிக்கு, உன் அப்பச்சன் தன் சொந்தக் கையால் எழுதுவது.

கோழி கிளறின மாதிரி இருக்கிறதே என்று பார்க்காதே. ஏழாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன் நான். ஒரு வகுப்பை நன்றாகத் தெரிந்துகொள்ள இரண்டு வருஷமாவது வேண்டும் என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்கிறது. இதுவரை உனக்கு மஸ்கட்டுக்கு வந்த கடிதமெல்லாம் உன் அம்மச்சி எழுதியது. கடைசியில் ஓரமாகக் கொஞ்சம் இடம் மிஞ்சும்; அதில் நான் ஒரு வேடிக்கை சொல்லி எழுதச் சொல்வேன். ஒன்பது மாதமாக அந்த ஓரம் காலியாகவே வருகிறது. நீ கவனித்திருப்பாய். கவனிக்காமல் விட்டிருந்தாலும் உன்மேல் குற்றமில்லை.

கிழித்துப் போடத் தோன்றினால், முழுக்கப் படித்துவிட்டுக் கிழி. இவ்வளவு தூரம் விமானத்தில் வருகிற காகிதம். வந்த மரியாதைக்காவது ஒரு தடவை படிக்கலாம்.

இங்கே அறுவடை முடிந்தது. கடைசி வாரத்தில் கோடைமழை பெய்து நெல்லை நனைத்துவிட்டது; களத்தில் பரப்பிக் காய வைத்திருக்கிறோம். மோட்டார் கொட்டகையில் ஒரு பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. வயல் கமிட்டிக்காரர்கள் என்னை இன்னும் வேலையை விட்டு அனுப்பவில்லை. தண்ணீர் இறைக்கிற மோட்டாரின் பக்கத்தில் நாள் முழுக்கச் சும்மா உட்கார என்னைவிடத் தகுதியானவன் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

உன் போன மாதத்துக் கடிதத்தை அம்மச்சி எனக்கு வாசித்துக் காட்டினாள். நடுவில் ஒரு இடத்தில் அடுத்த பக்கத்துக்குத் தாவினாள். உன் அம்மச்சி நாலைந்து வரியை விட்டுவிட்டு வாசிக்கிறவளா? மறுநாள் அவள் பூசைக்குப் போன நேரத்தில் வீட்டைக் குடைந்து, அரிசிப் பானைக்கு அடியிலிருந்து எடுத்துப் படித்தேன். களவு எனக்குப் புதிது. பானையைத் திருப்பி வைக்கும்போது மூடியை வேறு உடைத்துவிட்டேன்.

ஜூனில் லீவுக்கு வரும்போது புருஷன் பாபிச்சன் வீட்டில்தான் தங்குவேன், இந்தக் கரைக்கு வர மாட்டேன் என்று எழுதியிருந்தாய். அது நியாயம். அப்பச்சனைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம் என்றிருந்தாய். அதுவும் நியாயம். மூன்றாவதாக ஒன்று எழுதியிருந்தாய்: நான் இப்போது ஜெபிப்பதில்லை, பாபிச்சன் ஜெபமாலை சொல்லும்போது நான் சமையல் அறைக்குப் போய் நின்றுவிடுகிறேன் என்று. அந்த இடத்தில்தான் எனக்குக் கண் இருட்டிவிட்டது. பானை மூடி உடைந்ததும் அதனால்தான்.

உன் மகள் நீனாவை அடக்கம் செய்த அன்று கோவில் வாசலில் நீ என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "அப்பச்சன் எங்க இருந்தீங்க?" அம்மச்சிதான் குறுக்கே வந்து, "மோட்டாரப் பாக்கப் போயிருந்தாரு மோளே, ரெண்டு நிமிசந்தான்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அந்த ஒரு தலையாட்டலை வைத்துக்கொண்டு ஒன்பது மாதம் ஓட்டிவிட்டேன். நீ ஊரில் இருந்த பதினோரு நாளும் கொட்டகையிலேயே கிடந்தேன். இறைக்கத் தண்ணீர் இல்லாதபோதும் மோட்டாரை ஓடவிட்டேன். சத்தம் கேட்டால் மனிதன் வேலை செய்கிறான் என்று நினைப்பார்கள் அல்லவா.

மகளே, நான் மோட்டாரைப் பார்க்கப் போகவில்லை. நான் படித்துறையிலேயே இருந்தேன். நம் குழந்தைக்கு நாலு எட்டுத் தூரத்தில்.

மூன்று மணிப் படகு வந்து நம் கரைக் கோரச்சனும் இன்னும் மூன்று பேரும் இறங்கினார்கள். விவசாய ஆபீசர் வாத்துக் கூட்டத்துக்குள் வழுக்கி விழுந்து எழுந்த கதையை நான் சொன்னேன். ஆபீசர் எப்படி நடந்தார் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தும் காட்டினேன். நீனா மேல் படியில் உட்கார்ந்திருந்தாள். என் முதுகுக்குப் பின்னால் அவள் சிரித்தது கேட்டது. கோரச்சன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சேட்டா, இன்னொரு தரம், இன்னொரு தரம் நடங்க" என்றான். கேட்டால் விடுகிற ஆளா நான்? இன்னொரு தரம் நடந்தேன். முதல் தரம் நடந்தபோது அவள் சிரிப்பு கேட்டது. இரண்டாம் தரம் கேட்டதா என்று எனக்குத் தெரியாது. பிறகு கோரச்சன் சிரிப்பை நிறுத்திவிட்டு, "சேட்டா, குட்டி எங்க?" என்றான்.

வெள்ளம் மூன்றாம் படிவரை நின்ற சமயம். எதை எடுக்க இறங்கினாள் என்று யாருக்கும் தெரியாது. செருப்பு இரண்டையும் கழற்றி மேல் படியில் சேர்த்து வைத்திருந்தாள்.

நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அங்கேதான் இருந்தேன். ஆட்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். உன் அம்மச்சி சொன்ன பொய், என்னை உன்னிடமிருந்து காப்பாற்றச் சொன்னது. அதை அவள் கணக்கில் வைக்காதே, என் கணக்கில் வை.

அதற்குப் பிறகு மாலை ஜெபத்தில் எனக்கு ஒரு வியாதி பிடித்தது. "எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்ற இடம் வந்தால் இருமல் வரும். அதைத் தாண்டினால் போய்விடும். உன் அம்மச்சி ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இஞ்ச பாருங்க, அந்த ஒரு எடத்துல மட்டும் தொண்டையில என்ன முள்ளு? டாக்டர்கிட்டப் போறீங்களா, கோவில் அச்சன்கிட்டப் போறீங்களா?" என்று கேட்டாள். டாக்டரிடம் போனேன். அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை, பீடியைக் குறையுங்கள் என்றார். பீடியைக் குறைத்தேன். இருமல் குறையவில்லை.

நோன்பில் அச்சனிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர்களை, போங்க போங்க, உங்களுக்கு அவசரமிருக்கும் என்று முன்னால் விட்டேன். பதினேழு பேர். கடைசியில் அச்சன் கூண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "தேவசியாச் சேட்டா, நீங்க வரிசையில நிக்குறீங்களா, வரிசைக்குக் காவல் நிக்குறீங்களா?" என்றார். நெல் காயப்போட்டிருக்கிறது, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

நேற்று முன்தினம் பெரிய வியாழன். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம், ஈசோவின் கடைசி விருந்தை நினைத்து வெட்டிப் பங்கிடுகிற பெசகா அப்பம் அடுப்பில் ஏறக்கூடாது, வேறு வீட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு என்பது உனக்குத் தெரியும். அடுத்த வீட்டுக் கத்ரினாச் சேச்சி சாயங்காலமே அப்பமும் பாலும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அழுதுவிட்டுப் போனாள். அம்மச்சி எனக்கு எடுத்து வைத்தாள். வயிறு சரியில்லை என்றேன். "வயிறு என்ன பண்ணுச்சு பாவம். தின்ன மனசில்லன்னு சொல்லுங்க, அது மேல பழி போடாதீங்க" என்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு வள்ளம் வந்து நின்றது. உன் மாமனார் பைலிச்சன், தனியாகத் துடுப்பு துழாவிக்கொண்டு வந்திருந்தார். நீனா போனதற்குப் பிறகு அவர் இந்தப் படியில் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. அவரைப் பார்த்தால் எனக்கு எப்போதுமே கொஞ்சம் நடுக்கம். உன் கல்யாணப் பந்தலில் நான் சொன்ன வேடிக்கைக்கு ஊரே சிரித்தபோது, "பந்தி எப்பப் போடுவீங்க?" என்று கேட்ட மனிதர் அல்லவா. நான் பின்வாசல் வழியாகக் கொட்டகைக்கு நழுவப் பார்த்தேன்.

"எங்க ஓய் போறீரு? வயல்ல கதிரே இல்ல, யாருக்குத் தண்ணி எறைக்கப் போறீரு?" என்றார். நின்றுவிட்டேன்.

அவர் கையில் வாட்டின வாழையிலையில் ஒரு பொட்டலம். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்: "எங்க வீட்லயும் அப்பம் சுடலல்லோ. மேல வீட்டு வர்க்கி கொண்டாந்து தந்தான். ஜெபம் முடிச்சு வெட்ட உக்காந்தேன். வருசா வருசம் வெட்டுற கை, அது பாட்டுக்கு வெட்டிட்டே போச்சு. முடிச்சுப் பாத்தா ஏழு துண்டு. வீட்ல இருக்குறது ஆறு பேரு ஓய்."

போன வருஷம் பெரிய வியாழனுக்கு நீனா அவர் வீட்டில் இருந்தாள். இருப்பவர்களில் சின்னவள் என்று கடைசித் துண்டு அவளுக்கு.

"அதுலயும் பாரும், கடைசித் துண்ட மட்டும் கை சின்னதா வெட்டியிருக்கு. அவளுக்குன்னு. யாருக்கும் எறங்கல. என் வீட்டுக்காரி மொகத்தத் திருப்பிட்டு எழுந்து போயிட்டா. பெசகா அப்பம், எறியவும் கூடாது, கோழிக்குப் போடவும் கூடாது. கையில வச்சிட்டு எவ்வளவு நேரம் நிக்கிறது? அதான் வள்ளத்த எடுத்துட்டு வந்தேன். இத நீரும் நானுமாத் தின்னணும்."

நான் கையை நீட்டவில்லை. உனக்கு மேலே எழுதியதை அப்படியே அவரிடம் சொன்னேன். படித்துறை, கோரச்சன், வாத்து நடை, எல்லாம். சொல்லும்போது அம்மச்சி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தெரியும்" என்றார் பைலிச்சன். "ஏழாம் நாளே தெரியும். கோரச்சன் எங்க வாசல்ல வந்து உக்காந்து, இன்னொரு தரம் நடக்கச் சொன்னது நாந்தான் சேட்டான்னு அழுதுட்டுப் போனான். இந்தக் கரை பூரா தெரியும் ஓய். தெரியாதது ஒங்க மோளுக்கும் என் மோனுக்கும் மட்டுந்தான்."

ஒன்பது மாதமாக நான் மூடி வைத்திருந்ததைக் கரை முழுவதும் எனக்காக மூடி வைத்திருந்திருக்கிறது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி, "அப்ப என்னப் பொறுத்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார். "பொறுத்துட்டேன்னு சொன்னா, பெரிய வியாழன் அன்னிக்குப் பொய் சொன்ன பாவம் எனக்கு. தெனம் காலையில கோவில்ல தம்புரான்கிட்டக் கேட்டுக் கொஞ்சம் வாங்கிட்டு வர்றேன். மத்தியானத்துக்குள்ள தீந்துபோகுது. மறுநா திரும்பவும் போய் நிக்குறேன். இன்னைக்கு வாங்கினது இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு, அதுக்குள்ள வந்துரலாம்னு வேகமாத் துழாவினேன். கைய நீட்டும், எனக்குத் தோள் கடுக்குது."

இரண்டு கையையும் நீட்டினேன். அவர் அந்தத் துண்டை இரண்டாகப் பிட்டார். ஒரு விரல் அகலம்தான் இருக்கும். நின்றபடியே தின்றோம். கத்ரினாச் சேச்சி கொடுத்த பாலை அம்மச்சி கொண்டுவந்தாள், இருவருமே தொட்டுக்கொள்ளவில்லை. என் வேட்டியில் ஒரு பொடி விழுந்திருந்தது. அதை அவர் விரலால் ஒற்றி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

வள்ளத்தில் ஏறினபிறகு, "மோளுக்கு எழுதும். உம்ம வீட்டுக்காரி திரேசியா கையால இல்ல, உம்ம கையால" என்றார். அதுதான் இந்தக் கிளறல்.

நேற்றுப் பெரிய வெள்ளி. விடிந்ததும் கோவிலுக்குப் போய் வரிசையில் முதல் ஆளாக நின்றேன். என்ன சொன்னேன் என்பது அச்சனுக்கும் தம்புரானுக்கும் உள்ளது. மாலை ஜெபத்தில் அந்த வரி வந்தபோது இருமல் வரவில்லை. வார்த்தையும் பாதிதான் வந்தது. மீதியை அம்மச்சி சொன்னாள். இன்று இன்னும் கொஞ்சம் வரும் என்று நினைக்கிறேன்.

மகளே, என்னைப் பொறுத்துக்கொள் என்று கேட்க எனக்கு முகமில்லை. இருந்தாலும் ஒன்பது மாதமாகச் சொல்லாததை ஒரு தடவையாவது சொல்லிவிட வேண்டும். என்னைப் பொறுத்துக்கொள். இப்போதே இல்லை. முடியும்போது. முடியவே இல்லை என்றாலும் நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஜெபத்தை விட்டுவிடாதே. என் பெயரை அதில் சேர்க்க வேண்டாம். பாபிச்சன் பக்கத்தில் போய் முட்டி போட்டு, வாயைத் திறக்காமல் இரு. கோபம் வந்தால் கோபத்தோடேயே இரு. தம்புரானும் தம் மகனைச் சாகக் கொடுத்தவர்தானே, நீ எதைச் சொல்லித் திட்டினாலும் அவருக்குப் புரியாமல் போகாது. சமையல் அறையில் தனியாக நின்றால் அத்தனையையும் நீ ஒருத்தியே சுமக்க வேண்டும். நான் கொட்டகையில் அப்படி நின்று பார்த்துவிட்டேன். அங்கே நின்று யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஜூனில் நீ வந்தால், அம்மச்சியை நான் பைலிச்சன் வீட்டுக்கு வள்ளத்தில் கொண்டுவந்து விடுவேன். நான் கரையேற மாட்டேன். மழையானாலும் வள்ளத்திலேயே இருந்துகொள்வேன், குடை இருக்கிறது. நீ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவளோடு பேசிக்கொண்டிரு. ஒன்றே ஒன்றுதான். அம்மச்சிக்கு இப்போது முழங்கால் மடங்குவதில்லை, வள்ளத்திலிருந்து அந்த வழுக்குப் படியில் இறங்கப் பயப்படுகிறாள். நான் வள்ளத்தை ஆடாமல் பிடித்துக்கொள்வேன். கரையிலிருந்து யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கும். யாராக இருந்தாலும் போதும்.

தம்புரான் உன்னையும் பாபிச்சனையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அப்பச்சன்,
தேவசியா.