இசைத்தட்டின் பின்னட்டை

1987 நவம்பர் 12, வியாழன். லாங்கன்தால், சுவிட்சர்லாந்து.

பிரேசில்காரர் பவுலோ இன்று தன் புது லத்தீன் ஜாஸ் இசைத்தட்டைக் கொண்டுவந்து தந்தார். கோடையில் அவருடைய கொங்கா மேளத்தோடு சேர்ந்து அதில் ஒரு உருப்படிக்கு நான் மிருதங்கம் வாசித்திருந்தேன். பின்னட்டையில் நான் வாசிக்கும் படம், கீழே என் முழுப்பெயர். சந்தோஷத்தில் என்னைக் கட்டிப்பிடித்தார். நான் என் பெயரைப் பெருவிரலால் மறைத்துப் பிடித்தேன்.

அகதி விசாரணையில், ஊரில் இராணுவம் என்னை அடித்ததைச் சொன்னேன். அது உண்மை. அதில் வலது கை இன்னும் வழங்கவில்லை, விரல்களை மடக்க முடியாது என்றும் சொன்னேன். அது சுகமாகி ஒரு வருடம் ஆகிறது. நடந்தது மட்டும் போதாதோ என்ற பயத்தில் சொல்லிவிட்டேன். வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடி விசாரணை.

அறையில் என்னோடு இருக்கும் சிவம் அண்ணையிடம் படத்தைக் காட்டினேன்.

"உந்தப் படத்தைக் கிழிச்செறி, தம்பி."

"கடையளிலயும் வந்திட்டுதாம், அண்ணை."

அவர் இசைத்தட்டை என்னிடம் திருப்பித் தந்தார். பிறகு, "அப்ப அடிச்சதையும் நம்பமாட்டாங்கள்" என்றார்.

அவர் படுத்துவிட்டார். நான் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். முகம் தெளிவாக இருக்கிறது. வலது கை விரல்கள் மட்டும் வேகத்தில் கலங்கித் தெரிகின்றன.

இதை எழுதுவதும் அந்தக் கைதான்.