சக்கரத்துக்குப் புளி

மார்கழி 3, திங்கள்

காலையில் பனி. எதிரே வருகிறவன் மூக்கு தெரியவில்லை. இது இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். பவுரிங்பேட்டை ஸ்டேஷனில் பெட்டிகள் ரயிலை விட்டு இறங்கியபோதே சொன்னேன். எவன் கேட்டான்?

சீமையிலிருந்து டிரக்குச் சக்கரங்கள். தங்கச் சுரங்கத்துக்குள் கல் ஏற்றித் தள்ளும் இரும்பு வண்டிக்கு. ஸ்டேஷனிலிருந்து இருபது மாட்டு வண்டியில் வந்தன. (நான்கு வண்டி.) கப்பலில் துரு ஏறக்கூடாது என்று கொழுப்பும் வெள்ளைச் சாயமும் கலந்து கனமாகப் பூசி அனுப்பியிருக்கிறார்கள். ஷெட்டில் ஒரு கோடை கிடந்ததில் பூச்சு கல்லாகிவிட்டது. அடியில் எப்படியோ உப்புத் தண்ணீர் புகுந்து துருவும் பிடித்துவிட்டது. மேலே பூச்சு, உள்ளே துரு. சுற்றுவேனா என்கிறது சக்கரம்.

பட்டறையே தலையில் கை வைத்து நின்றது. செம்பட்டை மீசைப் போர்மன் துரை கத்தினான். நான் முன்னால் போய் நின்றேன். "தொரைங்களே, சென்னப்பட்டணம் ரயில் பட்டறையில இதே பூச்சு. உரிக்கிற வித்தைய என் மருமவனுக்கு நான் கத்துக் குடுத்துக்கீறேன். இவன் கையில குடுங்க."

துரை என் மருமகனை ஏற இறங்கப் பார்த்தான். "சனிக்கெளமே வேணும். இல்லே, இவன் கீழே போ. கீழே ஆள் பத்தாது."

மருமகன் ஏகாம்பரம் (இனி ஏகா., மை மிச்சம்) என் அக்கா தனகோட்டியின் மகன். என் பெண் அமிர்தத்தைக் கட்டியவனும் அவன்தான். அக்கா புருஷன் கீழே சுரங்கத்தில் கல் சரிந்து செத்துப்போனவர். முழு உடம்பாக மேலே வரவில்லை. மகனைப் பட்டறை வேலைக்கு அக்கா விட்டதே நான் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ததால்: மேலேதான் வேலை, சுரங்கத்துக்கு இறங்கும் ஷாப்டுக் குழிக்குள் கால் வைக்கமாட்டான்.

ஷெட்டுக்கு வெளியே ஏகா. கேட்டான். "மாமா, மெய்யா சொல்லுங்க. அந்த ரயில் பட்டறையில நீங்க இன்னா வேல செஞ்சீங்க?"

"எல்லா வேலையும்."

தண்ணீர் சுமந்தேன்.

செவ்வாய்

பனி. இருமல்.

உளி வைத்துப் பார்த்தோம். நகம் அளவு உரிந்தது, கூடவே அச்சில் ஒரு கீறல். அச்சு கண்ணாடி மாதிரி இருந்தால்தான் வண்டி ஓடும். துரை உளியைப் பிடுங்கி எறிந்தான். நெருப்பில் காட்டலாம் என்றேன். சூடு பட்டால் சக்கரம் அச்சை விட்டு இளகிவிடுமாம். கிருஷ்ணாயில் ஊற்றித் தேய்த்தோம். பூச்சு முன்னைவிடப் பளபளப்பாக நிற்கிறது.

வேண்டியவை: உவர்மண். சுட்ட சுண்ணாம்பு. விறகு. புளி. மூக்குப்பொடி. அக்கா காதுக்கு எதுவும் போகாமல் இருப்பது.

புதன்

இன்று என் மூளை. வண்ணான் துறையில் எப்பேர்ப்பட்ட எண்ணெய்ப் பிசுக்கும் உவர்மண்ணில் போகிறது, சுண்ணாம்பு சேர்த்தால் இன்னும் கடிக்கும். துருவுக்குப் புளி. வீட்டில் விளக்கு துலக்குகிற பெண்பிள்ளைக்கும் தெரியும். இரண்டையும் தனித்தனியாக ஏன்? ஒரே தொட்டி, ஒரே நெருப்பு, ஒரே நாள். சீமையில் ஒருத்தனுக்கும் தோன்றாத யோசனை.

பழைய பாய்லரைப் பாதியாக வெட்டிய தொட்டியில் எல்லாவற்றையும் கொட்டிச் சக்கரங்களை இறக்கினோம். பொங்கியது. பார்க்க ஊரே திரண்டது. (மூன்று பேர், ஒரு நாய்.) சாயங்காலம் தூக்கிப் பார்த்தால் பூச்சு அப்படியே. ஒரு பொட்டு குறையவில்லை.

"இன்னா கன்னியப்பண்ணே, சாம்பாரா? உப்பு பாத்தியா?"

"அட, கருவேப்பில போட மறந்துட்டாருப்பா."

நானும் சிரித்தேன். ஏகா. சிரிக்கவில்லை. ஷாப்டின் மேலே கயிறு இழுத்துச் சுற்றுகிற பெரிய சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வியாழன்

விடியுமுன் தொட்டியைப் பத்து தரம் சுற்றி வந்தேன். பயம் அல்ல, குளிர்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். புளி போதவில்லை. இரண்டு பங்கு வேண்டும். வீட்டுக்கு ஓடிவந்து பானைக்குள் கை விட்டேன். வீட்டுக்காரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா இது, சக்கரத்துக்குப் புளியா? பொண்ணு வாயும் வயிறுமா கீறா. சோத்தப் பாத்தாலே கொமட்டுது அவளுக்கு. இத்த நக்கிக்கினுதான் ஒரு வாய் கஞ்சி எறங்குது. இத்தையும் இரும்புக்கு ஊத்துவியா?"

"அவ புருசனுக்குத்தாண்டி கேக்கறேன்!"

"அவ புருசனுக்கா, உன் வாயிக்கா?"

பானையை விட்டுக் கையை எடுத்தேன். அமிர்தம் சுவரோரம் சாய்ந்தபடி, "அப்பா, அவுரு கீழ போவாரா?" என்றாள்.

"நான் உசுரோட இருக்கறப்பவா?" என்றேன்.

வெறுங்கையோடு திரும்பினேன். கடையில் கடன் கேட்க முகம் இல்லை. முருகா.

வெள்ளி

விடிந்தும் விடியாமலும் தொட்டியைக் கழுவினோம். சுண்ணாம்பு, உவர்மண், தண்ணீர். அவ்வளவுதான் இருந்தது. வேலை ஆகும் என்று நம்பவில்லை, சும்மா உட்கார முடியாமல் செய்தேன். அக்காவிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன்.

உச்சிவேளையில் ஏகா. கம்பியால் ஒரு தட்டு தட்டினான். வெந்த வெங்காயத் தோல் மாதிரிச் சுருண்டுகொண்டு வந்தது பூச்சு.

"மாமா!"

இரண்டு கையையும் தொட்டிக்குள் விட்டேன். அறிவு எங்கே போயிற்றோ. முதலில் வழுவழு என்று இருந்தது. அப்புறம் தீ. ஏகா. என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போய்க் கையைத் தண்ணீருக்குக் கீழே பிடித்துக்கொண்டான். "பூச்சத்தான் உரிக்கச் சொன்னாங்க. உங்கள இல்ல மாமா." இந்த வாரம் அவன் சிரித்தது அப்போதுதான்.

புளியும் சுண்ணாம்பும் ஒன்றையொன்று தின்றுவிடும், அதற்காகத்தான் இன்று புளி சேர்க்காமல் விட்டேன் என்று பட்டறையில் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்காரிக்கும் அப்படியே.

சனி

கையில் துணிச் சுற்று. எழுத்து கோழி கிளறினதுபோல. செங்கல் தூள், தேங்காய் நார், எண்ணெய். துரு போயிற்று. தேய்த்தது முழுக்க ஏகா. நான் வாயால் தேய்த்தேன்.

சாயங்காலம் துரை வந்தான். ஒரே விரலால் சக்கரத்தைத் தள்ளினான். சுற்றியது. சுற்றியது. நிற்கவே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர், புகையினால்.

பிறகு துரை தானாகவே கேட்டான், இந்தச் சக்கரம் கீழே மக்கர் பண்ணினால் யார் பார்ப்பது என்று. ஏகா.வைக் காட்டினான். "திங்கக்கெளமே இவன் வண்டியோட கீழே." துரை உத்தரவு. நான் என்ன செய்வேன்? யார்தான் என்ன செய்ய முடியும்?

சாப்பிடவில்லை.

ஞாயிறு

வெயில். யாரோ சொல்லி அக்கா வந்துவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"டேய் கன்னியப்பா. அவன யார்ரா அனுப்பறது?"

கைத் துணியின் முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏகா. கஞ்சிக் கிண்ணத்தை விட்டுத் தலையைத் தூக்காமலே, "தொரைதாம்மா. மாமா எவ்ளோ கெஞ்சினாரு" என்றான்.

அக்கா என் கையைப் பார்த்தாள். துணியை அவிழ்த்தாள். மஞ்சளை எண்ணெயில் குழைத்து விரல் விரலாகப் பூசிவிட்டாள்.

திங்கள்

பனி. டிரக்கு முதலில் ஆளிறக்கும் கூண்டான கேஜில் ஏறியது, பின்னால் ஏகா. மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் மடியில். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். மணி அடித்தது. கயிறு இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது.

அமிர்தம் இன்று புளியைக்கூடத் தொடவில்லை. அக்கா ஷாப்டுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்திருக்கிறாள். ஷிப்டு முடிய இன்னும் நேரம் இருக்கிறது. பக்கத்தில் போனேன். "கை எரியுதாடா?" என்று கேட்கிறாள்.

சனிக்கிழமை எழுதியதில் ஒன்று பொய். துரை தானாகக் கேட்கவில்லை. "நல்ல வேலே" என்று சொல்லிவிட்டு, பங்களாப் பக்கம் திரும்பி நடந்துகொண்டிருந்தான். நான்தான் பின்னாலேயே ஓடினேன். "கீழ இருட்டுல வுட்டாலும் கையால தடவியே சரி பண்ணிடுவான் தொரைங்களே, என் மருமவன்" என்றேன். அப்போதுதான் நின்றான்.

நான் சொன்னதெல்லாம் கேட்டபடி ஏகா. பக்கத்திலேயே இருந்தான்.