விளக்கைத் திருப்பச் சொன்னவருக்கு

புடலைப் பந்தல் கம்பில் நீங்கள் நூலோடு மாட்டிவிட்டுப் போன கற்களில் ஒன்றை இன்று காலை அவிழ்த்தேன். காய் சுருளாமல் நேராக நீளட்டும் என்று நுனியில் கட்டுகிற கல். அதைக் கையில் வைத்துக்கொண்டே உங்களை ஏசித் தீர்த்தேன். பெண்டாட்டி ஏசுகிறாளே என்று வருத்தப்படாதீர்கள், உங்களுக்கு இது வேண்டும்.

பக்கத்து மனையில் கண்டெய்னர் யார்டு வந்தபோது, அந்த உயரமான விளக்கு நம் பக்கம் வேண்டாம் என்றேன். கேட்டீர்களா? நீங்களே போய் நின்று நம் வீட்டுப் பக்கம் திருப்பச் சொன்னீர்கள். "வெளிச்சம் சும்மா கெடைக்கு, கள்ளன் பயமும் இல்ல. ஒனக்கு என்ன நோவுது ஏளா?" என்று என்னிடமே எகிறினீர்கள்.

அந்தியில் என்னைப் பந்தலடியில் நிறுத்திப் பூவைக் காட்டியவரும் நீங்கள்தானே? புடலைப் பூ பொழுது சாய்ந்துதான் விரியும். சிவப்பும் மஞ்சளும் அதற்கு எதற்கு? இருட்டில் தெரிய வெள்ளை, ஓரமெல்லாம் நூல் நூலாக விளிம்பு, கூடவே அந்த மணம். எல்லாம் விட்டில்பூச்சிக்காக. அது ஆண்பூவில் தேன் குடித்துவிட்டுப் பெண்பூவுக்குப் போனால்தான் பிஞ்சு நிற்கும். "எப்படிச் சோடிச்சிட்டு நிக்கு பாத்தியா?" என்பீர்கள். இவ்வளவு தெரிந்த மனிதருக்கு, விட்டில் விளக்குக்குத்தான் போகும் என்பது தெரியாமல் போயிற்றா? பிஞ்செல்லாம் மஞ்சளித்து உதிர்ந்தபோது மண்ணைக் குறை சொல்லி எருவாகக் கொட்டினீர்கள். பூச்சியெல்லாம் அங்கே மொய்க்கிறது, அண்ணாந்து பாருங்கள் என்றேன். "சும்மா கெட" என்றீர்கள். அந்த மாதமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போயும் விட்டீர்கள்.

விளக்கைத் திருப்பச் சொல்லி யார்டு சூப்பர்வைசரிடம் போனேன். "அக்கா, அண்ணாச்சிதான் இங்கன நின்னு திருப்பச் சொன்னாவ. இப்ப நீங்க வேண்டாங்கிய!" என்று சிரிக்கிறான். செத்த பிறகும் உங்கள் பேச்சுதான் எடுபடுகிறது! பழைய லாரித் தார்ப்பாய் ஒன்றை வாங்கி, வெளிச்சம் விழும் பக்கம் பந்தலை மறைத்துக் கட்டினேன். பகலில் சுருட்டிவிடுவேன், பொழுது சாய்ந்தால் இறக்கிவிடுவேன்.

இன்று காலை ஒரு பிஞ்சு, உதிராமல், விரல் நீளத்துக்கு நிற்கிறது. உங்கள் கல்லைத்தான் அதில் கட்டினேன். கட்டிவிட்டு, "பாத்தியளா? நான் சொன்னது சரிதான?" என்று சத்தமாகவே கேட்டேன்.

"சும்மா கெட" என்று சொல்லக்கூட ஆள் இல்லை. இந்தக் கோபத்தை நான் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பேன், சொல்லுங்கள்.