டவருக்கு எதிரான பெட்டிசம்

பெப்ரவரி 3, திங்கள்

தேயிலைத் தோட்டத்து உச்சியில் டவர் எழுப்ப கொழும்பிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்களாம். கடைக்கு வந்த லொறிக்காரர் சொன்னார். அவர்களுக்குத் தலைமை யார் என்று கேட்டேன். ஜனார்த்தனன்.

இருபத்தொரு வருடம் கழித்து, நான் இருக்கும் வட்டகொடைக்கே வந்திருக்கிறான். தற்செயலா? நான் நம்பமாட்டேன்.

பெப்ரவரி 6, வியாழன்

ஏறிப்போய்ப் பார்த்தேன். சாதாரண டவரில் அன்டெனா கீழே வீடுகளைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். இதில் மூன்று அன்டெனாவும் வானத்தைப் பார்க்கின்றன. நம் கைப்பேசிக்கு வரும் அதே 4ஜி, பறக்கிற விமானத்துக்கு. விமானிக்கு வானிலைப் படம் போகும், பேச்சு போகும். ஒரு டவர் விட்டால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். சோதனைத் திட்டம்.

நல்ல யோசனைதான். விமான நிலைய ரேடியோ பிரிவில் இருந்தபோது, 4ஜி இல்லாத அந்தக் காலத்திலேயே, இதே யோசனையைத்தான் நான் எழுதிக் கொடுத்தேன். சிரித்தார்கள். கூட வேலை பார்த்த ஜனார்த்தனனும் சிரித்தான். அடுத்த வருடம், 2004இல், மேற்பார்வையாளர் வேலை எனக்கு வரவேண்டியது. நேர்முகத்துக்கு முதல்நாள் அவன் எங்கள் மேலதிகாரி, பெரியவரின் அறைக்குள் போனான். அரைமணி நேரம். வேலை அவனுக்குப் போயிற்று. நான் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு அப்பாவின் கடைக்கு வந்துசேர்ந்தேன்.

தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் அழகுமுத்து அங்கே நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. "லயத்துப் பக்கம் பார்த்து இன்னொரு அன்டெனா வச்சுத் தர்றதா எழுதி வாங்கிட்டேங்க. மேல பறக்கிறவனுக்கு மூணு, நமக்கு ஒண்ணு. இருக்கட்டுங்க, இம்புட்டு நாளா சைபர்தானே?"

லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு பேச லயத்துப் பெண்கள் இன்றும் ரோட்டுக்கு இறங்கித்தான் வருகிறார்கள்.

பெப்ரவரி 9, ஞாயிறு

பெட்டிசம் எழுதிவிட்டேன், விமானப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு புகார் மனு. விமானத்தின் உயரமானி ரேடியோ அலையால் வேலை செய்வது. டவரின் அலை அதைக் குழப்பினால் இந்த மலைகளுக்கு மேல் என்ன நடக்கும்? அவ்வளவுதான். கையெழுத்துப் போடவில்லை. இந்த டவரின் அலைவரிசை உயரமானியிடமிருந்து வெகுதூரம் தள்ளியது என்பதை எழுதவில்லை. பொய் ஒன்றும் எழுதவில்லையே.

பெப்ரவரி 10, திங்கள்

ஹட்டனுக்குப் போய்த் தபாலில் சேர்த்தேன்.

பெப்ரவரி 20, வியாழன்

வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"எவனோ மொட்டைப் பெட்டிசம் போட்டிருக்கான் சார். கையில கெடைச்சான்..." என்றார் அழகுமுத்து. அவருக்கு ஒரு பிளேன்டீ கொடுத்தேன்.

மனைவி தனலெட்சுமி ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். "அன்னைக்கு ஹட்டனுக்கு எதுக்குப் போனீங்க?"

"பெட்டரி வாங்க."

"பெட்டரி எங்க?"

மார்ச் 4, செவ்வாய்

தோட்டத்து ஆபீசில் விசாரணை. விசாரிக்க வந்த அதிகாரி பிரியந்தி சிங்களத்தில் சொன்னார்: பெட்டிசத்துக்கு, திட்டத்தில் சம்பந்தமில்லாத, விஷயம் தெரிந்த ஒருவர் இரண்டு வாரத்துக்குள் அளந்து பார்த்துப் பதில் தரவேண்டும். இல்லாவிட்டால் டவர் உடப்புசல்லாவைப் பக்கம் போய்விடும்.

ஜனார்த்தனன் எழுந்தான். தலை நரைத்துவிட்டது அவனுக்கும். "தம்பையா அண்ணன் இருக்காங்க. அவங்களை விட்டா இதுக்கு இந்தப் பக்கம் ஆள் இல்ல."

என்னைப் பார்க்காமல் சொன்னான்.

மார்ச் 5, புதன்

என் பெட்டிசத்துக்கு நானே பதில் எழுதவேண்டும்! அவனுக்குத் தெரியுமா? தெரிந்தால் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? தெரியாவிட்டால் ஏன் என்னை — என் எழுத்து நடையை ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறானா? பிடிக்கப்போறான்டா உன்னை, தம்பையா.

முடியாது என்று சொல்லிவிடலாம். ஆனால் டவர் போனால் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வேறு மலையில் நடுவான். லயத்துக்குத்தான் மறுபடி சைபர்.

மார்ச் 11, செவ்வாய்

மூன்று நாள் அளந்தேன். உயரமானிக்கு ஒரு பாதிப்பும் வராது. முதலிலேயே தெரிந்ததுதான். அறிக்கையில் முழுப் பெயர் போட்டுக் கையெழுத்து வைத்தேன். பெட்டிசக்காரரைப் பற்றி 'விவரம் தெரிந்திருந்தும் மறைத்தவர்' என்று ஒரு வரி சேர்த்தேன்.

தனலெட்சுமி வாசித்துவிட்டு, "அந்த ஆளு மேல இம்புட்டுக் கோவமாங்க உங்களுக்கு?" என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள்.

மார்ச் 19, புதன்

இன்று சோதனைப் பறப்பு. லயத்துப் பக்க அன்டெனா நேற்றே வேலை செய்யத் தொடங்கியது. அழகுமுத்து வாசலில் நின்றபடி ஊரெல்லாம் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்.

சிறிய விமானம் திம்புள்ளைக்கு மேலே வட்டமிட்டது. உள்ளே ஜனார்த்தனன். தரையில் போன் என் கையில். தரைப் பக்கத்துக்கு நான்தான் வேண்டும் என்று அவனே கேட்டானாம். அதிலும் எனக்குச் சந்தேகம்தான். பத்து நிமிடம் இடைவிடாமல் பேசவேண்டும், நிமிடத்துக்கு நிமிடம் நான் குறித்துக்கொள்ளவேண்டும்.

"அண்ணே, கேக்குதா?"

"பக்கத்துல நிக்கிற மாதிரி கேக்குது."

"எதையாவது பேசிக்கிட்டே இருங்க, விட்டுறாதீங்க."

மழை, தேயிலை, அவன் பிள்ளைகள். ஆறு நிமிடத்தில் பேச ஒன்றும் மிஞ்சவில்லை. கேட்டுவிட்டேன். "அன்னைக்குப் பெரியவர் ரூமுக்குள்ள என்னைப் பத்தி என்ன சொன்ன?"

இரைச்சல் மட்டும் வந்தது. மலைக்கு அப்பால் போய்விட்டான், இனி அறுந்துவிடும் என்று நினைத்தேன்.

"அண்ணே, பெட்டிசத்தைப் பத்தி நான் உங்ககிட்ட ஏதாவது கேட்டேனா?"

சோதனைக் குறிப்பில் இப்படி எழுதிக் கொடுத்தேன்: 9.52 முதல் 9.53 வரை இரு பக்கமும் பேச்சு இல்லை. இணைப்பு அறவில்லை.