மூன்று நிமிஷச் சரவெடி

பிப். 9, ஞாயிறு

விடியும்போது பனி, எட்டு மணிக்கே வெயில். கால் இரண்டும் மரக்கட்டை. படியில் பின்பக்கமாக இறங்குகிறேன். மதினிக்கு ஒரே சிரிப்பு.

இன்றைய மாரத்தானை முடித்தது 3 மணி 48 நிமிஷத்தில்! அந்த வெளிநாட்டு மாரத்தானுக்கு என் வயதுக்காரிகள் 3.50-க்குள் ஓடியிருக்க வேண்டும். தகுதி வந்துவிட்டது. எத்தனை வருட ஆசை. விண்ணப்பம் செப்டம்பரில்.

அண்ணன் அடித்த கூத்தையும் எழுதிவைக்க வேண்டும். ஆமத்தூர் பக்கம், முடிவுக்கு ஒரு கி.மீ. இருக்கும்போது, ரோட்டில் பத்தாயிரம் வாலாவை விரித்துவைத்துக்கொண்டு நிற்கிறார். என் தலை தெரிந்ததும் பற்றவைத்துவிட்டார். மாப்பிள்ளை அழைப்பு, சாமி புறப்பாடு எல்லாவற்றுக்கும் இங்கே அப்படித்தான். வருகிறவர்கள் நின்று, வெடித்து முடிந்தபின் காகிதக் குப்பைமேல் நடந்து வருவார்கள். நானும் நின்றேன். பட்டாசுக் கம்பெனி வீட்டில் பிறந்தவள் எரிகிற சரத்தைத் தாண்டுவாளா? பின்னால் வந்த பெங்களூர்க்காரி மட்டும் கருவேல முள்ளுக்குள் இறங்கிச் சுற்றி ஓடிவிட்டாள். புகை அடங்க மூன்று நிமிஷத்துக்கு மேல்.

“பாப்பா, சத்தம் எப்படி?” என்றார் அண்ணன். கண் கலங்கியிருந்தது. “பொம்பளப் பிள்ள ரோட்டுல ஓடவா?” என்று ஒரு காலத்தில் என்னோடு பேசாமல் இருந்த மனுஷன்.

செப். 12, வெள்ளி

அனல். பிரஸ்ஸில் தீபாவளிப் பட்டாசு லேபிள் ஆர்டர் தலைக்கு மேல். நடுவில் விண்ணப்பித்தாயிற்று. தகுதி நேரம் மட்டும் போதாதாம். ஆள் அதிகமானால் வேகமானவர்களுக்கே இடமாம்.

முட்டி வலி. டாக்டர் நேற்று: “இன்னும் ஒரு மாரத்தான் ஓடிக்கிடுங்க. அதோட நிப்பாட்டிருங்க.” அந்த ஒன்று இதுதான். வேறு எதிலும் காலை வீணாக்க மாட்டேன்.

அண்ணன் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். லோடு ஏற்றுகிறவர்கள்வரை “அக்கா, எப்பப் பிளேன் ஏறுறீக?” மதினி ஸ்வெட்டரே வாங்கிவிட்டார். இந்த வெயிலில் ஸ்வெட்டர்.

செப். 25, வியாழன்

மெயில் வந்தது. இடம் இல்லை.

கூட்டம் அதிகமாம். தகுதி நேரத்தைவிட நான்கு நிமிஷம் குறைவாக ஓடியவர்களுக்குத்தான் இடமாம். அதாவது 3.46. எனக்கு இரண்டு நிமிஷம் கூடிவிட்டது.

சரத்துக்கு நின்றது மூன்று.

பிரஸ் பாத்ரூமில் போய் அழுதேன். மெஷின் ஓடியதால் யாருக்கும் கேட்டிருக்காது. கோபம் வந்தது, நிஜமாகவே வந்தது. யாரைக் கேட்டு வெடித்தீர்கள் என்று போய்க் கத்த வேண்டும்போல. அப்புறம் என் மேலேயே. முள்ளில் இறங்கியிருந்தால் என்ன? இறங்கியிருக்க மாட்டேன். அண்ணன் சரத்துக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி “நில்லு, நில்லு” என்று அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு முறை தகுதிக்கு ஓடலாம். ஆனால் முட்டி அதோடு சரி. தகுதியை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

சாப்பிடவில்லை.

செப். 26, வெள்ளி

மூட்டம். மழை இல்லை. தூக்கமும் இல்லை. அண்ணனிடம் சொல்லித்தானே ஆக வேண்டும். குடோனுக்குப் போனேன். மதுரை லோடு ஏறிக்கொண்டிருந்தது.

“இடம் கிடைக்கலண்ணே.”

பேசிக்கொண்டிருந்த போனை வைத்துவிட்டார். “ஏன் பாப்பா? அதான் பாஸாயிட்டேன்னியே?”

“ரொம்பப் பேர் வந்துட்டாக. நேரம் பத்தல.”

கிட்டே வந்து மெதுவாக, “அன்னைக்கு நான் வெடியப் போட்டு உன்னய நிப்பாட்டுனேனே... அதனாலயா?”

“சேச்சே. இருவது நிமிசம் பத்தலண்ணே.”

“அம்புட்டா!” முகம் தெளிந்துவிட்டது. தோளில் தட்டினார். “நீ இன்னுங் கொஞ்சம் வெரசா ஓடியிருக்கணும், பாப்பா.”

“ஆமாண்ணே” என்றேன்.