கடதாசியில் 520

2025 ஜூன் 3, செவ்வாய்

மூன்று சீன மின்கார்களின் ஒப்பீட்டு அட்டவணை ஒருவழியாக முடிந்தது. எங்கள் கார் இறக்குமதிக் கொம்பனி முதலாளி கனகரட்ணம் ஐயாவுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் வாசிக்கப் பொறுமையில்லை. இருக்கை, பற்றரி, உத்தரவாதம் எல்லாவற்றையும் ஒரே தாளில் அடக்கினேன். அவர் பார்த்தது கடைசி நிரலை மட்டும்தான்: ஒரு சார்ச்சில் ஓடும் தூரம். 520, 430, 405. விரலை 520இல் வைத்து, இதுதான், சனம் இதைத்தான் கேட்கும் என்றார்.

கேட்கும்தான். மின்கார் என்று வாயெடுத்தால் இங்கே குடாநாட்டில் ஒரே கேள்வி: கொழும்புக்குப் போகுமா? நானூறு கிலோமீற்றர். வருடத்தில் ஒரு தடவை கொழும்பு பார்க்கிறவரும் அதைத்தான் கேட்கிறார். பத்துக் காருக்கான ஓடர் 20ஆம் திகதி சீனாவுக்குப் போக வேண்டும். எதை எடுப்பது என்று சொல்ல வேண்டியவள் நான்.

ஜூன் 6, வெள்ளி

520இன் மாதிரிக் காரை இந்தக் கிழமை முழுக்க நானே ஓட்டினேன். வீட்டிலிருந்து கந்தோர், நல்லூர், மருதனார்மடம், திரும்ப ரவுண் கடைத்தெரு. சைக்கிள்களுக்குப் பின்னால் ஊர்ந்து, ஏசியும் போடாமல். 104 கிலோமீற்றர் ஓடியபோது பற்றரியில் 80 வீதம் மிச்சம். கணக்குப் போட்டேன். சரியாக 520! கடதாசியில் போட்டபடியே வருகிறதே என்று குதிக்காத குறை.

பின்னேரம் தங்கை ஷரோன் வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் அருட்செல்வன் பழைய வான் ஒன்றில் நோயாளிகளைக் கொழும்புக்குக் கிளினிக்குக்கு ஏற்றி இறக்குகிறவன். வீடு ஓடுவதே அந்த வானில்தான். டீசல் கட்டுப்படியாகவில்லை, மின்காருக்கு மாறலாமா என்று இரண்டு மாதமாக யோசிக்கிறான்.

"மச்சாள், நோயாளியளை வைச்சுக்கொண்டு நடுவழியிலை நிக்கேலாது. உண்மையாப் போகுமோ?"

"போகும். என்னை நம்பும்" என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

வானை வாங்க ஆள் கிடைத்துவிட்டதாம். மன்னார்க்காரர். ஞாயிறு வந்து எடுத்துப் போவார். ஷரோன் சந்தோஷத்தில் எனக்கு வடை சுட்டு அனுப்பியிருந்தாள்.

ஜூன் 12, வியாழன்

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

இன்றைக்குத்தான் கொம்பனிகள் அனுப்பிய மூலப் பத்திரங்களின் அடிக்குறிப்புகளைப் பார்த்தேன். 520க்குக் கீழே, பொடி எழுத்தில், சீன அளவை. 430க்குக் கீழே ஐரோப்பிய அளவை. குவாங்சோவில் இருக்கும் ஏற்றுமதி முகவர் லின்னுக்கு உடனே எழுதிக் கேட்டேன். அவள் நிதானமாகப் பதில் போட்டிருக்கிறாள்: இரண்டு எண்ணும் சரி, அளந்த முறைதான் வேறு, சீன முறையில் கார் மெதுவாக ஓடும், எண் பெரிதாக வரும். ஐரோப்பிய முறையில் அளந்தால் அந்த 520 வெறும் 396.

396! என்ரை அட்டவணையிலை ரெண்டாவதாய் நிண்டதுதான் உண்மையிலை முதலாவது. முழத்தையும் மீற்றரையும் ஒரே நிரலிலை போட்டு வைச்சிருக்கிறன். பதினொரு வருஷ வேலை அனுபவமாம்.

அப்படியானால் நான் ஓட்டியபோது 520 எப்படி வந்தது? நான் ஓட்டினது நல்லூரில். மின்கார் மெதுவாக ஓடினால்தான் தூரம் போகும். ஆனையிறவு தாண்டி ஏ-9 நெடுஞ்சாலையில் எண்பது, தொண்ணூறில் யாராவது சைக்கிளுக்குப் பின்னால் ஊர்வானா? குடாநாட்டுக்குள் ஓடிப் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

வான் ஞாயிறு போகிறது.

ஜூன் 13, வெள்ளி

சொல்லவில்லை. முதலில் ஓடிப் பார்த்து நிச்சயப்படுத்தலாம் என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். நாளைக்கு வவுனியா மட்டும் போய் வர அருட்செல்வனைக் கூப்பிட்டிருக்கிறேன். முதலாளி ஒரு நீண்ட ஓட்டம் கேட்டாராம் என்று பொய் வேறு.

ஜூன் 14, சனி

மருதனார்மடம் சந்தையில் மூன்று மூட்டை வெங்காயம் ஏற்றினோம், மூன்று நோயாளிகளுக்குப் பதிலாக. ஏசி முழுக்க. அருட்செல்வனை வழமையாக ஓடுகிற வேகத்திலேயே ஓட்டச் சொன்னேன். மடியில் கணக்குக் கொப்பி.

ஆனையிறவில் பற்றரி 85 வீதம். கிளிநொச்சி 80. முறிகண்டியில் நிறுத்தினான். கிறிஸ்தவனாக இருந்தாலும் ஏ-9இல் ஓடுகிறவன் பிள்ளையாரைக் கும்பிடாமல் தாண்டமாட்டான். தேங்காய் உடைத்து, எனக்குக் கச்சான் கடலையும் வாங்கித் தந்தான். அந்தக் கச்சானை ஒரு கோதுகூட உடைக்காமல் மடியிலேயே வைத்திருந்தேன்.

வவுனியா. 143 கிலோமீற்றர், மிச்சம் 56 வீதம். காரின் திரை மட்டும் இன்னும் 291 ஓடும் என்று கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. நான் கணக்குப் போட்டேன். வெறுமையாகும் மட்டும் ஓடினாலும் 325. கொழும்புக்கு எழுபத்தைந்து கிலோமீற்றர் முன்னாலேயே நின்றுவிடும்.

தேநீர்க் கடை வாசலில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அடிக்குறிப்பு, லின்னின் பதில், நேற்றுச் சொன்ன பொய். அவன் காருக்குப் போய், சரிந்திருந்த வெங்காய மூட்டையை நிமிர்த்தி வைத்தான்.

"வியாழக்கிழமையே தெரியுமோ, மச்சாள்?"

"ஓம்."

பிறகு, பரவாயில்லை, வான் நாளைக்குத்தானே போகிறது, வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றான். வரும் வழியெல்லாம் அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வீட்டு ஒழுங்கையில் திரும்பும்போது பற்றரி 12.

வாசலில் வான் இல்லை.

மன்னார்க்காரர் ஒரு நாள் முந்தி வந்திருக்கிறார். "நாளைக்குக் குடுக்கிறதை இண்டைக்குக் குடுத்தா என்ன எண்டு வான் திறப்பைக் குடுத்தனான்" என்றாள் ஷரோன், சிரித்துக்கொண்டு. அருட்செல்வன் அந்த இடத்திலேயே அவருக்குப் போன் எடுத்தான். எடுத்தது எடுத்ததுதான், திங்கள் வேலைக்கு விடப்போகிறேன் என்றாராம். வெள்ளிக்கிழமை வாயைத் திறந்திருந்தால் வான் அங்கேயே நின்றிருக்கும். ஒரே ஒரு நாள். பயந்து போய் ஒரு நாளை விழுங்கினேன்.

ஷரோனுக்கு நான்தான் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

ஷரோன் கோயிலில் ஞாயிறு பூசைக்கு வழமையாக என் பக்கத்தில் இருப்பவள். இன்று முன்னுக்குப் போய் வேறொரு வாங்கில் இருந்தாள்.

ஜூன் 16, திங்கள்

முதலாளியிடம் கொப்பியை நீட்டினேன். கார் முழுக்க வெங்காய மணம் என்றுதான் முதலில் ஏசினார். பிறகு கணக்கைப் பார்த்தார். துண்டுப்பிரசுரம் அடித்தாகிவிட்டது, அதில் கொழும்பு வரை ஒரே சார்ச் என்று கொட்டை எழுத்தில் போட்டாகிவிட்டது, ஆறு பேர் பெயர் பதிந்தாகிவிட்டது.

"கொம்பனி தந்த கடதாசியிலை இருக்கிறதைத்தானே சொல்லுறம். அதிலை பொய் எங்கை? அட்டவணை போட்டதும் நீர்தானே, லவீனா."

அட்டவணை போட்டது நான்தான்.

ஜூன் 17, செவ்வாய்

அவர் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து ஆறு பேருக்கும் போன் எடுத்தேன். நான் பிழையாக ஒப்பிட்டுவிட்டேன், நீங்கள் கேட்ட கார் ஆட்களோடும் ஏசியோடும் ஏ-9இல் 325தான் ஓடும் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். ஒருவர் ஏசினார். ஒருவர் பேச்சை முடிக்கவே விடவில்லை. ஓய்வுபெற்ற அதிபர் மார்க்கண்டு மட்டும் நிதானமாக, அப்ப மற்றது எவ்வளவு ஓடும் என்று கேட்டார். அதே விகிதத்தில் பார்த்தால் 353 என்றேன், அதுவும் கொழும்புக்கு ஒரே ஓட்டமாகப் போகாது, தம்புள்ளையில் ஒருதரம் சார்ச் போட வேண்டும்.

"தம்புள்ளையிலை எப்பிடியும் தேத்தண்ணிக்கு நிக்கிறதுதானே. எனக்கு அதைத் தாரும், பிள்ளை."

பின்னேரம் முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. என்னோடு கதைக்கவில்லை. வேலை போய்விட்டது என்றே நினைத்து மேசையை ஒதுக்கி வைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

ஓடர் தாளை மேசையில் போட்டுவிட்டுப் போனார், லின்னுக்கு அனுப்பச் சொல்லி. திறந்து பார்த்தேன். பத்தும் 430. ஆறில் நாலு பேர் மாற்றிக் கேட்டிருக்கிறார்கள். கேட்காவிட்டால் மாற்றியிருப்பாரோ தெரியாது. அடித்த துண்டுப்பிரசுரங்கள் எல்லாவற்றையும் என் கையாலேயே வெட்டித் திருத்த வேண்டுமாம். ஆயிரம் தாள். நல்லது.

பத்தில் ஒன்று, வான் விற்ற காசில், அருட்செல்வனுக்கு.

ஜூலை 22, செவ்வாய்

கார் வரும்வரைக்கும் அருட்செல்வன் வேறொருவரின் ஓட்டோவை வாடகைக்கு எடுத்து ஓடுகிறான். சந்தியில் கண்டேன். கை காட்டினான். ஷரோன் பின்னால் இருந்தாள், மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு.

செப்ரெம்பர் 30, செவ்வாய்

கார்கள் வந்துவிட்டன. அருட்செல்வனின் காரை முதலில் நானே வவுனியா மட்டும் ஓடிப் பார்த்தேன், வெங்காயத்தோடு. பிறகு கணக்குப் போட்டு, எங்கே எத்தனை வீதம் மிச்சமிருக்கும் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன்: வவுனியா 59, தம்புள்ளை 32. நம்பும் என்று இந்தமுறை சொல்லவில்லை.

ஒக்டோபர் 15, புதன்

அவனுடைய முதல் கொழும்பு ஓட்டம், மூன்று நோயாளிகளோடு. கந்தோரில் ஒரு வேலையும் ஓடவில்லை. எட்டரைக்குச் செய்தி வந்தது: வவுனியா 59. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பத்தரை வரைக்கும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

போன் அடித்தது. ஷரோன். நாலு மாதத்துக்குப் பிறகு.

"அக்கா, இவர் போன் எடுக்கிறாரில்லை. எங்கை நிப்பார்?"

தம்புள்ளைக்குக் கிட்ட இருப்பார் என்றேன். எத்தனை மிச்சம் இருக்கும் என்று கேட்டாள். முப்பத்திரண்டு, ஒன்றிரண்டு கூடிக் குறையலாம் என்றேன். நிச்சயமோ என்று அவள் கேட்கவில்லை. போனை வைக்கவும் இல்லை. அவள் வீட்டில் குழாயிலிருந்து தண்ணீர் வாளிக்குள் விழும் சத்தம் கேட்டது. நிரம்பி வழிந்தும் அவள் பூட்டவில்லை.

செய்தி வந்ததும் வாசித்துக் காட்டினேன்: தம்புள்ளை 31. சார்ச் போட்டாச்சு. எல்லாரும் தேத்தண்ணி குடிக்கினம்.

"ஒண்டு குறைவு" என்றாள் ஷரோன்.

"ஓம், ஒண்டு குறைவு."

குழாயைப் பூட்டும் சத்தம் கேட்டது.

"ஞாயிறு கோயிலுக்கு நான் வரக் கொஞ்சம் பிந்தும், அக்கா. பக்கத்திலை எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வையுங்கோ."